துணியைத் தின்ற பூஞ்சை: பயோ வாஷ் பிறந்த கதை

திருப்பூரில் டி-சர்ட் விற்பவர்கள் தங்கள் சரக்கைப் பற்றிப் பேசும்போது மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள்: நூறு சதவீதப் பருத்தி, 180 ஜி.எஸ்.எம்., பயோ வாஷ். முதலாவது நூலைச் சொல்கிறது. இரண்டாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைச் சொல்கிறது. மூன்றாவது என்னவென்று கேட்டால், துணி வழவழப்பாக இருக்கும், பிசிறு வராது என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த வழவழப்பைத் தருவது செல்லுலேஸ் என்ற என்சைம். அதைச் சுரப்பது ஒரு பூஞ்சை. பருத்தித் துணியை மக்கவைத்து ஒரு ராணுவத்தையே தவிக்கவிட்டதால்தான் அந்தப் பூஞ்சை மனிதர் கண்ணில் பட்டது.

சாமளாபுரத்தில் நின்று பார்த்தால் துணி என்சைம்களின் இரண்டு கிளைகளும் தெரியும். மேற்கே சோமனூர், கருமத்தம்பட்டி, அங்கே விசைத்தறி. கிழக்கே மங்கலத்தைத் தாண்டினால் திருப்பூர், அங்கே பின்னலாடை. இரண்டு பக்கமும் பருத்தி நூல்தான், ஆனால் அந்த நூல் படும் பாடு வேறு. தறியில் பாவு நூல் விழுதுக்கும் அச்சுக்கும் நடுவே உரசி உரசி மேலும் கீழும் போய் வருகிறது. கஞ்சி ஏற்றாவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகவே சைசிங் மில்லில் மரவள்ளி மாவோ மக்காச்சோள மாவோ காய்ச்சிப் பாவுக்கு ஏற்றுகிறார்கள். பின்னல் எந்திரத்தில் ஊசிகள் நூலை வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போவதால் அங்கே கஞ்சிக்கு வேலையில்லை. ஆகவே, தறியில் நெய்த காடா துணியை வெளுப்பதற்கு முன் கஞ்சியை எடுத்தாக வேண்டும். பின்னல் துணியில் எடுக்க வேண்டியது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு. முதல் வேலைக்கு மாவைக் கரைக்கும் அமைலேஸ் என்ற என்சைம், இரண்டாவது வேலைக்குச் செல்லுலேஸ். தொழிலுக்குள் இவை வந்து சேர்ந்த வரிசையும் அதுதான்.

என்சைமை டின்னில் வாங்கும் காலத்துக்கு முன்பும் கஞ்சியை எடுத்தது நுண்ணுயிர்தான். துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஊறப்போட்டுவிட்டால், தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா பெருகி மாவைக் கரைத்துவிடும். செலவில்லாத வழி, ஆனால் கட்டுக்குள் நிற்காது. கொஞ்சம் அசந்தால் துணியில் கறை விழும், பலமும் போகும். 1833-இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து மாவைக் கரைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். துணி ஆலைகளும் பின்னாளில் முளைச்சாற்றால் கஞ்சி எடுக்கத் தொடங்கின. 1917-இல் பாய்டினும் எஃப்ரண்டும் மண்ணிலும் வைக்கோலிலும் வாழும் பேசிலஸ் பாக்டீரியாவிலிருந்து அமைலேஸ் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பார்லிச் சாறு தாங்காத சூட்டை இது தாங்கியது. சூடு ஏற ஏறக் கஞ்சி சீக்கிரம் கரையும் என்பதால் ஆலைகள் இதை விரும்பி ஏற்றுக்கொண்டன. இன்று காடா துணியில் கஞ்சி எடுக்கப் பயன்படும் என்சைம் பெரும்பாலும் அந்தப் பேசிலஸ் வம்சத்தில் வந்ததே.

செல்லுலேஸின் கதை இதைவிடக் கரடுமுரடானது.

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படைக்கு ஜப்பானியரோடு இன்னொரு எதிரியும் இருந்தது. மழையும் புழுக்கமும் ஓயாத அந்தத் தீவுகளில் கூடாரம், சட்டை, தோள்வார் என்று பருத்தியால் ஆன எதுவும் தாக்குப்பிடிக்கவில்லை. கான்வாஸ் கூடாரங்கள் மக்கிக் கிழிந்தன. ராணுவத்தின் பொருள் வழங்கும் பிரிவு, மக்கிய துணிகளைச் சேகரித்து, அவற்றில் படர்ந்திருந்த பூஞ்சைகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து ஆராயச் சொன்னது. சாலமன் தீவுக்கூட்டத்தின் பூகன்வில் தீவில் மக்கிய பருத்திக் கான்வாஸிலிருந்து கிடைத்தது ஒரு பச்சைப் பூஞ்சை. அதற்கு க்யூ.எம். 6ஏ என்று எண் கொடுத்தார்கள். எந்தப் பூஞ்சை துணியை அரிக்கிறது என்று தெரிந்தால் அதைத் தடுக்க மருந்து கண்டுபிடிக்கலாம் என்பதே நோக்கம். அதை வளர்த்து விற்பனைப் பொருள் எடுக்கலாம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

அந்த ஆய்வில் சேர்ந்தவர் எல்வின் ரீஸ். அவர் ஒன்றைக் கவனித்தார். பருத்தி இழையின் மூலப்பொருளான செல்லுலோஸை முன்பே ரசாயனத்தால் உடைத்துக் கரையும்படி செய்து கொடுத்தால் எத்தனையோ பூஞ்சைகள் தின்கின்றன. ஆனால் இழை கலையாத பருத்தியைக் கொடுத்தால் மிகச் சிலவே கை வைக்கின்றன. அப்படியானால் இந்த வேலையைச் செய்வது ஒரே என்சைமாக இருக்க முடியாது. முதலில் இழையைத் தளர்த்துவது ஒன்று, பிறகு செல்லுலோஸ் சங்கிலியை வெட்டுவது இன்னொன்று என்று 1950-இல் ரீஸும் உடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். விவரங்கள் பிற்பாடு மாறின. சங்கிலியின் நடுவில் வெட்டுவது, நுனியிலிருந்து கடித்துக்கொண்டு வருவது, கடைசித் துண்டைக் குளுக்கோஸாக்குவது என்று வெவ்வேறு வேலை செய்யும் என்சைம்களின் கூட்டம் அது என்று இன்று தெரியும். ஆனால் கூட்டாக நடக்கும் வேலை என்ற மூலக் கருத்து ரீஸுடையது. டிரைக்கோடெர்மா விரிடி என்று முதலில் அழைத்த அந்தப் பூஞ்சைக்கு 1977-இல் அவர் நினைவாக டிரைக்கோடெர்மா ரீசி என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

1970களின் எண்ணெய் நெருக்கடி பூஞ்சையின் தலையெழுத்தை மாற்றியது. பழைய காகிதத்தையும் பயிர்க்கழிவையும் சர்க்கரையாக்கினால் எரிசாராயம் வடிக்கலாமே என்று நாட்டிக் ராணுவ ஆய்வகத்தில் ரீஸும் மேரி மாண்டல்ஸும் அதே பூஞ்சையை எதிர்த்திசையில் வளர்க்கத் தொடங்கினார்கள். தடுக்க வேண்டியதாக இருந்தது பெருக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் சுற்றிலும் குளுக்கோஸ் இருந்தால் டிரைக்கோடெர்மா செல்லுலேஸ் சுரப்பதை நிறுத்திவிடும். சும்மா கிடைக்கும் சோற்றை விட்டுவிட்டு மரத்தைக் கடிக்க அதற்கு என்ன அவசியம்? ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மான்டன்கோர்ட்டும் எவலீயும் புற ஊதாக் கதிராலும் ரசாயனத்தாலும் பூஞ்சையின் மரபணுவைக் கலைத்துக் கலைத்து, அந்தத் தடையை மதிக்காத ரட்-சி30 என்ற ரகத்தைப் பிரித்தார்கள். இன்றைய தொழிற்சாலை ரகங்கள் ஒரு லிட்டர் திரவத்தில் நூறு கிராம் வரை புரதத்தைக் கக்குகின்றன. உலகெங்கும் தொழிலில் இருக்கும் டிரைக்கோடெர்மா ரீசி ரகங்கள் அத்தனையும் பூகன்வில்லில் மக்கிய அந்த ஒரு கான்வாஸிலிருந்து வந்தவை என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான இடம்.

எரிசாராயக் கனவு உடனே கைகூடவில்லை. அதற்குள் துணித்தொழில் பூஞ்சையைப் பிடித்துக்கொண்டது. 1980களில் ஜீன்ஸை நரைத்ததுபோல் காட்ட நுரைக்கற்களைப் போட்டு உருட்டி வெளுப்பார்கள். எந்திரத் தொட்டி தேய்ந்தது, துணி கிழிந்தது, கல்தூள் வடிகாலை அடைத்தது. செல்லுலேஸ் போட்டால் மேற்பரப்பின் இழை தளர்ந்து அதோடு நீலமும் உதிர்கிறது, கல் வேண்டியதில்லை என்று கண்டார்கள். அதே பத்தாண்டின் இறுதியில் ஜப்பானில் பிசிறு நீக்கும் வேலைக்கும் இதைப் பயன்படுத்தும் முறை உருவாயிற்று. தொழில்நுட்பப் புத்தகங்கள் பயோ பாலிஷிங் என்பதும் திருப்பூர் பயோ வாஷ் என்பதும் அதைத்தான்.

ஏற்றுமதி பெருகிக்கொண்டிருந்த திருப்பூருக்கு அது சரியான நேரத்தில் வந்த சரக்கு. பின்னல் துணியின் குறையே பிசிறுதான். நூலிலிருந்து வெளியே நீட்டும் இழைநுனிகள் நாலைந்து சலவைக்குள் ஒன்றோடொன்று சிக்கிச் சின்ன உருண்டைகளாகத் தொங்கும். சாயப்பட்டறையில் செய்வது இதுதான்: சாஃப்ட் ஃப்ளோ எந்திரத்தில் துணி ஓடும்போது தண்ணீரின் புளிப்பைப் பி.எச். 4.5 முதல் 5.5-க்குள் நிறுத்தி, சூட்டை 50, 55 டிகிரியில் பிடித்து, என்சைமை விட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓட்டுவது. என்சைம் மூலக்கூறு பெரியது, இழையின் உள்ளே சுலபமாக நுழையாது. வெளியே நீட்டும் நுனிகளையே கடித்துத் தளர்த்தும். எந்திரத்தின் உரசல் அவற்றை முறித்துப் போடும். பிறகு சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றி அதன் வேலையை நிறுத்துவார்கள். நிறுத்துவதுதான் இதில் முக்கியமான காரியம். நிறுத்தாவிட்டால் அது பூகன்வில்லில் செய்ததையே இங்கும் செய்யும். முறையாக ஓட்டும்போதே துணியின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறையலாம். ஆயிரம் கிலோ துணி போட்டவர் முப்பது, ஐம்பது கிலோவை வடிகாலில் விடுகிறார். டையிங் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது அதனால்தான்.

இந்த என்சைம் எங்கே எப்படிச் செய்யப்படுகிறது என்பது பட்டறைக்கு வரும் கேனைப் பார்த்தால் தெரியாது. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுத் தொட்டியில் வேறு கிருமி புகாதபடி ஆவியால் சுத்தம் செய்து, தீனித் திரவத்தை நிரப்பி, விதைப்பூஞ்சையை விட்டு, காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டே பல நாள் வளர்க்க வேண்டும். முதல் நாட்கள் பூஞ்சை தன் உடம்பை வளர்ப்பதிலேயே போகும். சுரப்பு உச்சத்துக்கு வந்து முடிந்ததும் திரவத்தை வடித்து, என்சைமைச் செறிவாக்கி, பூஞ்சை உடலைக் கழிவாகத் தள்ளிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வளர்ந்த உடலை ஒவ்வொரு முறையும் ஏன் வீச வேண்டும்? அதை ஓர் இடத்தில் கட்டிப்போட்டு, தீனியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன? செல்லைக் கட்டிப்போடும் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்வி இதுதான்.

இதற்கு முதலில் பெரிய அளவில் விடை கண்டவர்கள் ஜப்பானின் ஒசாகாவில் இருந்த தனபே செய்யாகு மருந்து நிறுவனத்தார். இச்சிரோ சிபாட்டாவின் குழு 1969-இல், அமினோ அமிலம் பிரிக்கும் என்சைம் ஒன்றைப் பொடிக்குருணைகளில் ஒட்டவைத்துக் குழாயில் நிரப்பி, மூலப்பொருளை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் சரக்கைப் பிடித்தது. தொழிற்சாலை அளவில் கட்டிப்போட்ட என்சைம் முதலில் ஓடியது அங்கேதான். ஆனால் செல்லுக்குள் இருக்கும் என்சைமை உடைத்து வெளியே எடுத்துத் தூய்மைப்படுத்துவதே பெரும் செலவு. செல்லை முழுதாகவே கட்டிப்போட்டால் அந்தச் செலவு மிச்சம் என்று 1973-இல் ஈ. கோலை பாக்டீரியாவைப் பாலிஅக்ரிலமைடு கூழில் சிறைவைத்து ஆஸ்பார்ட்டிக் அமிலம் தயாரித்தார்கள். அந்தக் குழாயின் வீரியம் பாதியாகக் குறைய நான்கு மாதம் போல ஆனது. பிறகு கூழை மாற்றினார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராகீனனில் செல்களை வைத்து இறுக்கியபோது அந்த ஆயுள் ஏறக்குறைய இரண்டு ஆண்டாக நீண்டது.

அந்தக் காராகீனன் தரும் கப்பாஃபைகஸ் பாசியைத்தான் ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சர்காசம், டர்பினேரியா என்ற பழுப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது ஆல்ஜினேட். ஆய்வகங்களில் செல்லைக் கட்டிப்போட இன்றைக்கு அதிகம் கையாளும் பொருள் இதுவே. திருப்பூர்க்காரருக்கும் இது புதிதல்ல. ரியாக்டிவ் சாயத்தில் பிரிண்டிங் போடும் பட்டறையில் சாயம் பரவாமல் நிற்கக் கலக்கும் பசை, சோடியம் ஆல்ஜினேட். அந்தப் பசையை நீர்க்கக் கரைத்து, பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், எண்ணெயில் பூந்தி விழுவதுபோல் ஒவ்வொரு சொட்டும் உருண்டு இறுகி மணியாகிவிடும். செல் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். தீனி உள்ளே போகும், சுரப்பு வெளியே வரும்.

நம் நாட்டில் நடந்த ஒரு வேலை துணிக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கூழுக்குள் செல்லை அடைத்தால் தீனி உள்ளே ஊடுருவ நேரமாகிறது என்பது பெரிய குறை. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டிசோசா, காமத் இருவரும் கூழையே விட்டுவிட்டு, பருத்தித் துணியை எடுத்துக்கொண்டார்கள். துணிக்குப் பாலிஎத்திலீனிமைன் என்ற நேர்மின்னூட்டம் கொண்ட பொருளைப் பூசினார்கள். ஈஸ்ட்டின் செல்சுவர் எதிர்மின்னூட்டம் உடையது. கரைசலில் நனைத்ததும் ஈஸ்ட் துணியில் ஒட்டிக்கொண்டது. அந்தத் துணியைக் கொண்டு கரும்புச் சர்க்கரைப் பாகைக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிக்கும் கலனைச் செய்து 1988-இல் வெளியிட்டார்கள். வேலை செய்தது ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் என்சைம். பருத்தியைத் தின்பதற்காக நுண்ணுயிர் வந்தது பழைய கதை. இங்கே பருத்தி அதற்கு வீடாயிற்று. திருப்பூரில் கட்டிங் மேசைக்கடியில் குவியும் துண்டுத்துணியை நினைத்தால், இந்த ஆய்வு இங்குள்ள கல்லூரிகளில் ஏன் இன்னும் அதிகம் தொடரப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஒசாகாவிலும் டிராம்பேயிலும் செல்லிடம் ஏற்கனவே இருக்கும் என்சைமைப் பயன்படுத்தினார்கள். அதற்குச் செல் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டிப்போட்ட செல்லே புதிது புதிதாக என்சைமைச் சுரந்து வெளியே விட வேண்டும் என்றால், அதற்குச் சோறும் காற்றும் கொடுத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பது பெருகும். ஆல்ஜினேட் மணிக்குள் பாக்டீரியா பெருகினால் மணி வெடிக்கும், செல் வெளியே கசியும். மணியின் நடுவே ஆக்சிஜன் எட்டாது, அங்கிருப்பவை வாடும். அமைலேஸ், செல்லுலேஸ் போன்ற பெரிய மூலக்கூறுகள் கூழின் நுண்துளை வழியே வெளியேறத் திணறும்.

இழையாக வளரும் பூஞ்சைக்கு இன்னும் நல்ல வழி உண்டு. அதை அடைக்க வேண்டியதில்லை, பற்றிக்கொள்ள இடம் கொடுத்தால் போதும். பாலியூரித்தேன் நுரைக்கட்டியிலும், நாம் உடம்பு தேய்க்கும் பீர்க்கங்காய் நாரிலும் டிரைக்கோடெர்மாவைப் படரவிட்டு, திரவத்தை வடித்து வடித்துப் புதுத்தீனி ஊற்றி, அதே பூஞ்சையிடம் பலமுறை செல்லுலேஸ் வாங்கிய ஆய்வுகள் இருக்கின்றன. பூஞ்சை நாரோடு ஒட்டியிருப்பதால் திரவம் கூழாகாமல் தெளிவாக இருக்கிறது, காற்று நன்றாகக் கலக்கிறது, வடிகட்டுவதும் சுலபம். 1980களில் பின்லாந்தில் லிங்கோ குழுவினர் மரத்தின் லிக்னினைச் சிதைக்கும் வெண்பூஞ்சையை நைலான் வலையில் வளர்த்து லிக்னின் பெராக்சிடேஸ் எடுத்தார்கள். சும்மா கலக்கி வளர்த்தால் அந்தப் பூஞ்சை அடிபட்டுச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். வலையைப் பற்றிக்கொண்டால் நிம்மதியாகச் சுரக்கும். அந்த என்சைம் பல சாயங்களையும் நிறமிழக்கச் செய்யக்கூடியது என்பதால் சாயநீர் கலந்த நொய்யல் ஆற்றின் கரையில் இருப்பவர்கள் அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும், சந்தைக்கு வரும் துணி என்சைம் பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் தனியாக மிதந்து வளர்ந்த நுண்ணுயிரிடமிருந்தே வருகிறது. லிட்டருக்கு நூறு கிராம் தரும் ரகம் கையில் இருக்கும்போது, கட்டிப்போடும் சிக்கலைப் பெரிய நிறுவனங்கள் விரும்பவில்லை. அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. நமக்கு இதன் பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: பட்டறையின் தண்ணீரில்.

ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு வெளுத்த துணியில் கொஞ்சம் பெராக்சைடு தங்கினாலும் அடுத்து ஏற்றும் சாயத்தை அது கெடுத்துவிடும். முன்பெல்லாம் வெந்நீரிலும் தண்ணீரிலும் திரும்பத் திரும்ப அலசுவார்கள். இப்போது கேட்டலேஸ் என்ற என்சைமை விட்டால் சில நிமிடங்களில் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. பட்டறையில் பெராக்சைடு கில்லர் என்பது இதுதான். ஆனால் ஒரு முறை விட்ட என்சைம் அந்தத் தண்ணீரோடே போய்விடுகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ், போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குபிட்ஸ், கவாக்கோ-பாவ்லோ குழுவினர் சூட்டையும் காரத்தையும் தாங்கும் பேசிலஸ் ஒன்றிலிருந்து கேட்டலேஸ் எடுத்து, அலுமினாக் குருணைகளில் கட்டிப்போட்டு, வெளுப்புத் தண்ணீரை அதன் வழியே விட்டு, அதே தண்ணீரைச் சாயம் போடத் திரும்பப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். 2001-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீர் எத்தனை விவசாயக் குடும்பங்களின் நிலத்தைக் கெடுத்தது என்பதும் தெரிந்ததே. மீண்டும் திறந்தபோது கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் திறந்தார்கள். அருள்புரத்திலும் சின்னக்கரையிலும் வீரபாண்டியிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரை வடித்து, சவ்வில் பிழிந்து, மீதத்தைக் காய்ச்சி உப்பாக்குகின்றன. என்சைம் இந்த உப்பைக் குறைக்காது. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் உப்பு அது. பயோ வாஷ் என்ற பெயரை வைத்துக்கொண்டு எல்லாம் பசுமை என்று சொல்வது நேர்மையல்ல. ஆனால் அலசும் தண்ணீரில் ஒரு தொட்டி குறைந்தாலும், வடிக்கவும் காய்ச்சவும் ஆகும் செலவு அந்த அளவுக்குக் குறைகிறது. கட்டிப்போட்ட கேட்டலேஸ் குழாய் ஒன்றை வெளுப்பு எந்திரத்தின் வடிகுழாயில் பொருத்தினால், அந்தத் தண்ணீர் எத்தனை முறை திரும்பும், துணியிலிருந்து வரும் மெழுகும் சோப்பும் குருணைகளை எத்தனை நாளில் அடைக்கும், நீலமும் சிவப்பும் முன்போலவே ஒரே அளவாக ஏறுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். கோயம்புத்தூரில் 1956 முதல் இயங்கும் சிட்ரா என்ற துணித்தொழில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளுப்புத் தண்ணீர் தினமும் வருகிறது. ஒரு பட்டறைக்காரர் தன் வடிகுழாயில் ஓர் இணைப்பு கொடுக்கச் சம்மதித்தால் சோதனையை ஆரம்பித்துவிடலாம்.